கதாநாயகியின் முதுகு

என் கணவர் தண்ணீர் கேனைத் தூக்கும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கால்கள் இரண்டும் ஒட்டி நிற்கும். முட்டி மடங்காது. முதுகு மட்டும் கூனிக்கொண்டு கீழே போகும். கேனின் கழுத்தைப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பாக இழுத்து, அந்த வேகத்திலேயே இடுப்பைத் திருப்பி ஸ்டாண்டின் மேல் கவிழ்ப்பார். குனிந்த முதுகோடு திரும்புவதுதான் இருப்பதிலேயே மோசம். அது எனக்குத் தெரியும். 'முட்டிய மடக்குங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சாப்பாட்டு மேசை அருகே, இடுப்புக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டு, அந்த வார்த்தையை மிட்டாய் மாதிரி வாய்க்குள் ஒதுக்கிவைத்திருப்பேன்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பார்.

"அப்படியேதான் இருக்கு," என்பேன், முகத்தைச் சுளித்து.

எனக்கு வலி இல்லை. அது போய்ப் பல மாதங்கள் ஆகிவிட்டன.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. குழாயில் வரும் தண்ணீரைக் குடிக்க முடியாது. கேன் கொண்டுவருகிறவர் அதைக் கீழே லிஃப்ட் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கேனை மேலே கொண்டுவந்தது நான்தான். ஏன் நான் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. சில வேலைகள் அப்படித்தான், யார் கையிலாவது ஒட்டிக்கொண்டால் பிறகு அவர்கள் கையாகவே ஆகிவிடும்.

ஒரு நாள் காலையில் கேனை ஸ்டாண்டில் கவிழ்க்கும்போது இடுப்புக்குள் ஏதோ ஈரத்துணி கிழிவது போலக் கிழிந்தது. சமையலறைத் தரையில் சரிந்தேன். கேன் உருண்டு, தண்ணீர் என் முதுகுக்கடியில் ஓடியது. கணவர் வந்து எட்டிப் பார்த்தார். வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டியிருந்தார். தபால் நிலையத்தில் கவுன்டரில் உட்காரும் வேலை.

"என்ன ஆச்சு?"

"எழுந்திரிக்க முடியலங்க."

"கொஞ்ச நேரம் அப்படியே படு. சரியாப் போயிடும்."

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். காலைத் தூக்கி என்னைத் தாண்டினார். அலமாரியில் தம்ளரை எடுத்தார். கேனில் மிச்சமிருந்த தண்ணீரைச் சரித்துக் குடித்தார். வந்த வழியாகவே மறுபடியும் என்னைத் தாண்டிப் போனார். அவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கோபத்தில் தாண்டியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். தாகமாக இருந்தது, வழியில் ஏதோ கிடந்தது, தாண்டினார். அவ்வளவுதான். செருப்பின் அடியில் கோடு கோடாக இருந்தது. அந்தக் கோடுகளுக்கு நடுவே ஒரு சின்னக் கல் சிக்கியிருந்தது. அந்தக் கல்லின் நிறம்கூட எனக்கு இன்றைக்கும் தெரியும்.

நாத்தனார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை.

"விடியும்போதே ஆரம்பிச்சிட்டாளா? நீ கட்டியிருக்கறது பொண்டாட்டி இல்லடா தம்பி. கதாநாயகி."

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர். 'கதாநாயகி எழுந்தாச்சா?' 'கதாநாயகிக்கு இன்னைக்கு எந்தப் பக்கம் வலி?' கணவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் விஷம் இருக்காது. விஷமில்லாத சிரிப்பை எப்படி எதிர்ப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த வருடங்களில் நான் நடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் வலிப்பது போல இல்லை, வலிக்காதது போல. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. மெஷினுக்குள் கைவிட்டு ஈர விரிப்புகளை இழுத்து வண்டியில் போட வேண்டும். காய்ந்த பிறகு இரண்டு பேராக எதிரெதிரே நின்று, மூலைகளைப் பிடித்து உதறி, நடந்து வந்து சேர்த்து மடிக்க வேண்டும். வலி தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒவ்வொரு உதறலுக்கும் ஒரு சிரிப்பு வைத்திருந்தேன். எதிரே நிற்பவள், "உன் முகத்த பாத்தாலே தெம்பா இருக்கு," என்பாள்.

மடித்த துண்டுகளைக் கொண்டுபோய் வைக்கும் இடங்களில் ஒன்று, ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த உடற்பயிற்சி அறை. ஒரு நாள் மதியம் கதவைத் தள்ளியபோது, ஐந்தாறு பெண்கள் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை மட்டும் மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் வயதுப் பெண்மணி ஒருத்தி கையில் மாப் கம்போடு உலாவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தியையும் பார்த்து, "சரியில்ல. சரியில்ல. இது சுத்தமா சரியில்ல," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"துண்ட வைக்கறதுக்கு ஒரு கையால சுவத்த பிடிக்கறீங்க. எவ்வளவு நாளா வலிக்குது?"

என்னை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வலிக்குதா என்று கேட்பார்கள், நம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய. இவள் எவ்வளவு நாளாக என்று கேட்டாள். நான் துண்டுகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அழலாம். மூச்ச மட்டும் அடக்காதீங்க," என்றாள்.

வீட்டிலும் சொல்லிவிட்டு, டாக்டரிடம் சீட்டு வாங்கி வகுப்பில் சேர்ந்தேன். கீழ்முதுகு வலி ஆறாத பெண்களுக்கென்றே நடந்த வகுப்பு. நாங்கள் அவளுக்கு 'சரியில்ல டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தோம். அவளுக்கும் அது தெரியும். என் பக்கத்து விரிப்பில் ஒரு பஸ் கண்டக்டர் அக்கா. "முப்பது பேர் ஏறுற பஸ்ல எழுபது பேர ஏத்தினேன். என் இடுப்புல டீச்சர் அந்த எழுபது பேரையும் தேடறாங்க," என்பாள்.

டீச்சரின் முக்கிய ஆயுதம் அந்த மாப் கம்பு. அதை முதுகோடு நெடுக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவில், இடுப்பின் அடி என்று மூன்று இடங்களிலும் கம்பு பட வேண்டும். அந்த மூன்றும் விலகாமல் முட்டியை லேசாக மடக்கி, புட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நான் குனிந்த முதல் நாள், கம்பு என்னை விட்டு ஒரு முழம் விலகி நின்றது.

"இத்தன வருஷமா முதுகாலயே குனிஞ்சிருக்கீங்க," என்றாள். "இடுப்புன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு. சரியில்ல. திரும்ப."

திரும்பவும் திரும்பவும் செய்தேன். பாத்ரூமில் பக்கெட்டுக்கு முன்னால் நின்று செய்தேன். சலவைக்கூடத்தில் வண்டிக்கு முன்னால் செய்தேன். நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டச் சொல்வாள். ஆரம்பத்தில் வண்டு மாதிரி கவிழ்ந்தேன். ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வாள். நின்றால் இடுப்பு ஒரு பக்கம் சரிந்துவிடும். பிறகு மெல்ல மெல்ல நிற்க வந்தது.

ஒரு மாலை, வேலை முடிந்து வரும்போது தெருவில் செருப்பு வார் அவிழ்ந்தது. குனிந்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன். பத்தடி போன பிறகுதான் உறைத்தது: நான் குனிந்தேன். சுவரைத் தேடவில்லை. பல்லைக் கடிக்கவில்லை. தெருவென்றும் பாராமல் இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன். ஒரு பழக்கடைக்காரர், "ஏம்மா, எதாவது விழுந்திடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

மூன்று மாடியும் படியேறினேன். வீட்டில் சொல்ல வேண்டும் என்றுதான் ஏறினேன், அது சத்தியம். கதவைத் திறந்த நாத்தனார் உள்ளே திரும்பி, "கதாநாயகி வந்தாச்சு. கேன் கீழ இருக்கு, வரும்போதே தூக்கிட்டு வந்திருக்கலாம்ல?" என்றார். கணவர் டிவியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

என் கை தானாக இடுப்புக்குப் போனது. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் அதுவரை ஒருநாளும் எழுப்பாத சத்தம்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்தேன். கணவர் எழுந்து ஓடிவந்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. உண்மையான வலிக்குச் சத்தமே கிடையாது. அது மூச்சைப் பிடித்துக்கொண்டு பாத்திரம் கழுவும், விரிப்பு மடிக்கும். இவர்களுக்குத் தெரிந்த வலியெல்லாம் திரையில் பார்த்த வலி. அதில் கண்ணீர் வேண்டும், 'அம்மா' வேண்டும், ஒரு கை நெற்றியில் இருக்க வேண்டும். என் வலியை அவர்கள் நம்பாததற்குக் காரணம் அது சரியாக நடிக்கப்படவில்லை என்பதுதான். சரி, இனி நடிக்கலாம் என்று முடிவெடுத்தேன்.

நன்றாகவே நடித்தேன். கேன் கணவர் கைக்குப் போனது. துணி அலசுவது நாத்தனார் கைக்குப் போனது. "பாவம், ரொம்ப முடியல போலிருக்குடா," என்று அவர் கிசுகிசுப்பதைக் கேட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். பிறகு, கணவர் கேனைத் தூக்கும் விதத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். முட்டி மடங்காத அந்தக் கால்கள். அந்தத் திருப்பல். ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் ஒரு கம்பை அவர் முதுகில் வைத்துப் பார்ப்பேன். அது அவரைவிட்டு எட்டி நிற்கும். கொஞ்ச நாளில் காலை எழும்போது இடுப்பைத் தேய்த்துக்கொண்டார். கொஞ்ச நாளில் பேன்ட் போட உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் செருப்புக் கல் எனக்குள் உருண்டுகொண்டே இருந்தது.

வகுப்பில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு நாள் குனியும்போது, டீச்சர் என் இடப்பக்கம் வந்து நின்றுகொண்டு நகரவில்லை.

"சரியில்ல."

"மூணு இடத்துலயும் படுதே டீச்சர்."

"கம்பு படுது. நீங்க இடப்பக்கத்த பூட்டி வெச்சிருக்கீங்க. போன மாசம் இது இல்ல. வீட்டுல என்ன பண்றீங்க?"

கண்டக்டர் அக்கா விரிப்பில் படுத்தபடி தலையைத் திருப்பினாள். இரண்டு பேரிடமும் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, சாய்ந்து நடப்பதையும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டே இருப்பதையும் சொன்னேன். கண்டக்டர் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி. எனக்கும் கத்துக்குடு, என் வீட்டுலயும் ரெண்டு தடியனுங்க இருக்கானுங்க."

டீச்சர் சிரிக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர ஏமாத்துங்க, எனக்கென்ன. உங்க உடம்ப ஏமாத்த முடியாது. அதுக்கு நடிப்புன்னு ஒண்ணு தெரியாது. நாள் முழுக்க நொண்டினா, சரி, இவங்களுக்கு நொண்டறதுதான் வேணும்போலன்னு கத்துக்கும். இங்க ஒரு மணி நேரம் நான் நிமித்தறத, மிச்ச நேரமெல்லாம் நீங்க கோணலாக்கறீங்க. ஒண்ணு அத விடுங்க, இல்ல இத விடுங்க."

விடுகிறேன் என்று தலையாட்டினேன். வீட்டுக்குப் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு முனகினேன்.

விட முடியவில்லை. வலி போய்விட்டது என்று சொன்னால் கேன் என் கைக்கு வரும், பாத்திரம் வரும், துணி வரும். அதைவிட, 'பாத்தியா, நான் சொல்லல? எல்லாம் நடிப்பு' என்ற வார்த்தை வரும். வலித்த அத்தனை வருடங்களும் அந்த ஒரு வார்த்தையில் பொய்யாகிவிடும். அதற்கு மேலும் ஒன்று இருந்தது. அவர் விழுவதை நான் பார்க்க வேண்டும். ஆசை என்றே சொல்கிறேன், அதற்கு நல்ல பெயர் தேட எனக்கு விருப்பமில்லை.

ஒரு காலை, கட்டிலில் இருந்து காலை இறக்கும்போது இடப்பக்கத்தில் அது வந்தது. சின்னதாக, பழக்கப்பட்ட வீட்டுக்குள் தயங்கித் தயங்கி நுழைகிற ஆள் மாதிரி. உண்மையான வலி. நான் சத்தம் போடவில்லை. அதிலிருந்தே அது உண்மை என்று தெரிந்துகொண்டேன். பக்கத்தில் கணவர் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு பக்கமும் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தோம். யார் முதுகு முதலில் போகும் என்பதுதான் இனிப் பாக்கி. என் முதுகைப் பணயம் வைத்து அவர் முதுகைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்தே கேட்டேன்.

அவர் முதுகு முதலில் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கூடத்தில் இருந்தேன். கேன் தரையில் மோதும் சத்தம், அதன் பின்னால் இன்னொரு கனமான சத்தம். சமையலறை வாசலுக்குப் போனேன். நாடகத்தை மறக்கவில்லை, கை இடுப்பில்தான் இருந்தது. அவர் மல்லாந்து கிடந்தார். மூடி கழலாத கேன் அவர் காலடியில் உருண்டு நின்றது.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அசைய முடியல," என்றார். முகம் வெளுத்திருந்தது. சத்தம் போடவில்லை. உண்மைதான் என்று எனக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் அதை அடையாளம் காணக்கூடியவள் நான் ஒருத்திதான்.

அவர் அருகே போனேன். தம்ளர்கள் அதே அலமாரியில் இருந்தன. கையை இடுப்பிலிருந்து எடுத்தேன். வலது காலைத் தூக்கினேன்.

அவசரமாகத் தாண்டியிருக்கலாம். ஆனால் எவ்வளவு நாள் காத்திருந்த கால் அது. அவர் நெஞ்சுக்கு மேலே, முட்டி மடங்க, அப்படியே நிறுத்தினேன். ஒற்றைக்காலில் நின்றேன். இடுப்பு சரியவில்லை. சுவரைத் தொடவில்லை. மூச்சு சீராக வந்து போனது. டீச்சர் பார்த்திருந்தால் அன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள்.

அவர் என் பாதத்தைப் பார்த்தார். பிறகு நான் நிற்கும் காலைப் பார்த்தார். அவர் கண்களில் மெல்ல மெல்ல அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"உனக்கு... வலிக்கலயா?"

"இல்ல."

"எப்பலேருந்து?"

"நீங்க கேன் தூக்க ஆரம்பிச்ச அன்னைலேருந்து."

"அப்ப நடிச்சியா?"

"இப்பதான் நடிச்சேன். அப்ப நடிக்கல."

காலை அந்தப் பக்கம் வைத்தேன். தம்ளரை எடுத்தேன். பழைய கேனில் மிச்சமிருந்ததைப் பிடித்துக் குடித்தேன். தண்ணீர் இனிக்கும் என்று நினைத்திருந்தேன். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. அன்றைக்கு என்னைத் தாண்டியது அவருக்கு ஞாபகம் வந்ததா என்று முகத்தில் தேடினேன். வந்தது. உடனே வரவில்லை, ஆனால் வந்தது. பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

நாத்தனார் ஈரக் கையோடு ஓடிவந்தார். "ஐயோ தம்பி. இவ என்ன மரம் மாதிரி நிக்கறா? இந்தக் கேனையாவது ஓரமா நகத்தேன், இல்ல அதுக்கும் முடியாதா?"

ஸ்டாண்டிலிருந்த காலிக் கேனை இறக்கினேன். உருண்ட கேனை நிமிர்த்தி, மூடியைக் கழற்றி, அதன் முன்னால் நின்றேன். காலை அகட்டினேன். முட்டி மடங்கியது, இடுப்பு பின்னால் போனது. முதுகில் இல்லாத கம்பு மூன்று இடங்களிலும் பட்டது. மூச்சை விட்டுக்கொண்டே எழுந்தேன். பாதங்களோடு சேர்ந்து திரும்பினேன். கேனை ஸ்டாண்டில் கவிழ்த்தேன். குபுகுபு என்று குமிழிகள் மேலே ஏறின.

"அண்ணி, இதுதான் கடைசி. இனிமே இத நான் தூக்க மாட்டேன்."

"ஏன், வலிக்குதா?"

"வலிக்கல. என்னால முடியும். மாட்டேன்."

அவர் என் முகத்தில் காரணத்தைத் தேடினார். வலி என்றால் பொய் என்பார், பொய் என்றால் நடிப்பு என்பார். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. காரணமே இல்லாத மாட்டேனுக்கு அவரிடம் பதில் இல்லை. என்னிடமும் அந்தச் சொல் அவ்வளவு நாளும் இல்லைதான். மறுப்பதற்கு ஒரு வியாதி வேண்டும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையோ பொய்யோ, வலியை நீட்டி அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன். அதை நினைக்கும்போது அவர்கள்மேல் இருந்த கோபம் குறையவில்லை. பங்கு போட இன்னொரு ஆள் சேர்ந்தது, அவ்வளவுதான்.

நாத்தனார் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தார். அவர் அலறினார்.

"விடுங்க அண்ணி. இழுத்தா இன்னும் பிடிச்சுக்கும்."

"அப்ப நீயே எழுப்பு."

"அவரே எழுந்திரிப்பாரு. நான் தொட மாட்டேன்."

கணவர் என்னைப் பார்த்தார். "நீ போற அந்த வகுப்புல... என்னையும் சேத்துப்பாங்களா?"

"அது பொம்பளைங்களுக்கு மட்டும்."

சாப்பாட்டு மேசையிலிருந்து நாற்காலியை இழுத்துவந்து சமையலறை வாசலில் போட்டேன். தலையணையை எடுத்து அப்பால் வைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். இடப்பக்கத்தில் அந்தச் சின்ன வலி இன்னும் இருந்தது. அது என்னுடையது, நாளைக்கு அதைப் பார்த்துக்கொள்வேன்.

"முட்டி ரெண்டையும் மடக்குங்க," என்றேன். அவ்வளவு நாள் வாய்க்குள் வைத்திருந்த வார்த்தை. "தோளும் இடுப்பும் ஒண்ணா, அப்படியே பக்கவாட்டுல திரும்புங்க. கைய ஊனி எழுந்திரிங்க. மூச்ச அடக்காதீங்க."

அவர் முட்டியை மடக்கினார். தோள் முதலில் திரும்பியது, இடுப்பு பின்தங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, அரைவாசி திரும்பி, மறுபடி மல்லாந்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. இப்படிச் செய்தது போதுமா என்பது போல என்னைப் பார்த்தார்.

எனக்கு அவசரம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை.

"சரியில்ல," என்றேன். "திரும்ப."